வயலுக்கு அடியில் எரிவாயு! பணம் யாருக்கு?

செஞ்சிச் சீமையில் பூமிக்குள் பாறை. மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்தே கோவில் கட்டினான். இன்றும் அந்தப் பக்கத்தில் பட்டா நிலத்தில் கல் இருந்தால், நிலச் சொந்தக்காரர் சர்க்காரிடம் அனுமதி கேட்கலாம். கிடைத்தால், கட்டணம் செலுத்திவிட்டுக் கல் எடுத்து விற்கலாம்.

காவிரி டெல்டாவில் பூமிக்குள் எரிவாயு. அங்கே நியாயம் வேறு!

மேல் மண் மட்டும்

நரிமணம், குத்தாலம் பகுதிகளில் ஓ.என்.ஜி.சி. எரிவாயு எடுக்கிறது. எண்ணெய், எரிவாயு எடுக்க அனுமதி தருவது சர்க்கார். 1948-ம் வருடச் சட்டம் அப்படி. எடுத்த வாயுவுக்கு உரிமைத் தொகை மாநில சர்க்காருக்குப் போகிறது. விவசாயிக்குக் கிடைப்பது நிலத்துக்கு வாடகையும், பயிருக்கு நஷ்ட ஈடும்தான்.

வயலுக்கு அடியில் குழாய் போனால்? 1962-ம் வருடச் சட்டப்படி நிலம் அவருடையதே. நஷ்ட ஈட்டுடன், குழாய் போகும் நிலத்தின் மார்க்கெட் விலையில் 100-க்கு 10 ரூபாய் தருவார்கள். ஆனால் அந்த இடத்தில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே பூமிக்குள் இருப்பதும் தனியார் சொத்தாக இருக்கலாம். வாயு விற்ற பணத்தில் உரிமைக்காரருக்குப் பங்கு உண்டு. பழைய வழக்கம், எட்டில் ஒரு பங்கு.

டெக்சாஸ் மாநிலத்தில் கிணற்றுக் கணக்கை வெளியிடுவது 'ரெயில் ரோடு கமிஷன்'. பெயரில்தான் ரெயில், இப்போது ரெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

கணக்கைப் படிப்பது எப்படி?

அங்கே அளவு ஆயிரம் கன அடி. அது சுமார் 28 கன மீட்டர். வீட்டுச் சிலிண்டர் ஒன்றரை தரும் சூட்டை அது தரும்.

முதலில், கிணறு எத்தனை நாள் ஓடியது என்று பார்க்க வேண்டும். உதாரணமாக, ஒரு மாதம் 30 நாளில் 3 லட்சம் கன மீட்டர். அடுத்த மாதம் 15 நாளில் 1 லட்சத்து 60 ஆயிரம். கிணறு வற்றிவிட்டதா? இல்லை. ஒரு நாள் கணக்குப் போட்டால், முதலில் 10 ஆயிரம். பிறகு 10 ஆயிரத்து 600-க்கு மேல்!

அடுத்து, தண்ணீர். வாயு குறைந்து தண்ணீர் கூடினால், பெரும்பாலும் கிணறு முதுமை அடைகிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, எடுத்தது வேறு, விற்றது வேறு. கொஞ்சம் எரிந்துபோகும், கொஞ்சம் அங்கேயே எரிபொருளாகும்.

நம் விவசாயி என்ன செய்யலாம்?

2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் போராடினார்கள். 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்று. புதிய கிணறுகளுக்குத் தடை. ஆனால் பழைய கிணறுகளுக்கு அந்தத் தடை இல்லை.

ஆகவே, நிலம் கொடுத்தவர்கள் ஒப்பந்தப் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது அவசியம். எவ்வளவு நிலம்? எத்தனை வருடம்? வாடகை எப்போது உயரும்? கிணறு வற்றிய பின் நிலத்தைப் பழையபடி சீர்செய்து தருவது யார்?

பத்திரத்தில் பதில் இல்லையா? ஓ.என்.ஜி.சி. பொதுத்துறை நிறுவனம். 2005-ம் வருடத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். 30 நாளில் பதில் தரவேண்டும்.

வாயுவில் பங்கு இல்லாவிட்டாலும், தன் மண்ணைப் பற்றிக் கேட்க விவசாயிக்கு உரிமை உண்டு.