மண்ணு விலை இறங்கவே இறங்காதாம்!

"தங்கம் ஏறும், இறங்கும். மண்ணு இறங்கவே இறங்காது சார்." செங்கல்பட்டோ திருவள்ளூரோ, எந்த மனைப்பிரிவுக்குப் போனாலும் இந்த வாக்கு காதில் விழும். சந்தை மந்தமாகிவிட்டால் இதிலிருந்தே இரண்டு அறிவுரைகள் கிளம்பும். வாங்குபவருக்கு, "இப்ப விட்டா பிடிக்க முடியாது." விற்பவருக்கு, "அவசரப்படாதீங்க, விலை தானா வரும்." இரண்டையும் ஒரே தரகர் ஒரே நாளில் சொல்வதுதான் வேடிக்கை.

இறங்காமல் நிற்பது சொல்லும் விலை. படியும் விலை வேறு. சதுர அடி 2,500 என்று சொன்னவர், ஆள் வராவிட்டாலும் வாயைத் திறந்து குறைக்க மாட்டார். இரண்டு வருடம் கழித்து மகள் கல்யாணம் நெருங்கும்போது 2,000-க்கு முடிப்பார். அதையும் அக்கம்பக்கத்தில் சொல்ல மாட்டார். தெருவுக்குத் தெரிந்தது 2,500தான். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது. 2017 ஜூனில் தமிழக அரசே வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. இறங்கவே இறங்காத பொருளுக்கு அது எதற்கு?

அடுத்தது, காத்திருந்தால் நட்டமில்லை என்பது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லட்சத்துக்கு மனை; முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கையிலிருந்து போனது 21.8 லட்சம். பத்து வருடம் கழித்து 30 லட்சத்துக்கு விற்றால் ஊரே மெச்சும். ஆனால் வருடத்துக்குக் கிடைத்தது மூன்றேகால் சதவீதம்கூட இல்லை. அதே பணம் 7 சதவீத வட்டியில் ஏறத்தாழ 43 லட்சம் ஆகியிருக்கும். வட்டிக்கு வரி கட்டினாலும் மனை பின்தங்கும்; மனை லாபத்துக்கும் வரி உண்டே. பணத் தேவையே இல்லாத, பாட்டன் சொத்தை வைத்திருப்பவர் காத்திருக்கட்டும். கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டே காத்திருப்பது தன் கையாலேயே விலையைக் குறைப்பதுதான்.

"வழிகாட்டி மதிப்புக்குக் கீழே கிடைச்சா லாபம்தானே?" இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். முத்திரைத்தாள் செலவு, நீங்கள் பேசிய விலை குறைவாக இருந்தாலும், வழிகாட்டி மதிப்புக்குத்தான். அந்த மதிப்பு பேசிய விலையை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டினால், விற்றவருக்கு மூலதன ஆதாய வரி வழிகாட்டி மதிப்பின்படி கணக்காகும். வாங்கியவருக்கும், வித்தியாசம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அது வருமானமாகச் சேரும். பேரம் பேசும் முன் பதிவுத் துறை இணையதளத்தில் அந்தத் தெருவின் மதிப்பைப் பார்த்துவிடுங்கள்.

வாடகை தண்டம், இஎம்ஐ சேமிப்பு என்பதும் பாதிப் பொய். 50 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை சுமார் 43,400 ரூபாய். முதல் மாதத் தவணையில் 35,400 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 8,000 மட்டும். அதே வீடு 18,000 வாடகைக்குக் கிடைக்குமானால் எது தண்டம்? குடியிருக்க, பத்துப் பதினைந்து வருடம் இருக்கத்தான் வாங்குகிறேன் என்றால் வேறு கதை. முதலீடு என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது வீட்டில் இறங்குபவரைத்தான் கேட்கிறேன்.

"நாளைக்கே இன்னொரு பார்ட்டி வருது" என்பதற்குப் பதிலே வேண்டாம். மந்த சந்தையில் வரிசை கிடையாது. அந்த அவகாசத்தில் 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டாவில் இருக்கும் பெயர், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பது வரை பாருங்கள். காகிதம் சரியாகும் முன் டோக்கன் அட்வான்ஸ் என்று ஆயிரம் ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விற்பவர்களே, பக்கத்து மனைக்காரர் சொல்லும் விலையை விடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் தெருவில் உண்மையில் கைமாறியது என்ன விலைக்கு என்று விசாரித்து, அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.