இயந்திரம் கேட்கிறோம், அறையைக் கேட்பதில்லை

நோட்டன் பிரிட்ஜ் பகுதித் தோட்டங்களில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டாலும், திடீரெனக் கைகால் விழுந்து வாய் கோணினாலும், லயத்து மக்கள் கிடைத்த வாகனத்தில் டிக்கோயாவுக்குக் கொண்டு ஓடுகிறார்கள். அங்கிருந்து கண்டி வரை போக நேரிடுவதும் உண்டு. ஆகவே மலையக வைத்தியசாலைகளுக்கு நவீன எக்ஸ்ரே, ஸ்கேன் இயந்திரங்கள் வேண்டும் என்ற கோரிக்கையில் எமக்கு இரு கருத்து இல்லை. எமது கவலை, இயந்திரம் வந்து இறங்கிய பின்னர் அது இருக்கப்போகும் அறையைப் பற்றியதாகும்.

சி.ரி. ஸ்கேன் இயந்திரத்தை உருவாக்கியவர் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். 1971இல் இலண்டனில் முதல் நோயாளியின் தலை படம் பிடிக்கப்பட்டது. அவர் பெயரால் வழங்கும் அளவையில் தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. இரத்தம் போகாமல் சேதமடையத் தொடங்கிய மூளைப் பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் இடையில் இந்த அளவையில் சில அலகுகளே வித்தியாசம். ஓர் அலகு என்பது தண்ணீர் கதிரை உறிஞ்சும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைப் பார்த்துத்தான் வைத்தியர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

உடலைக் கடந்து வரும் கதிரை வாங்கும் பகுதியை உணரி என்பர். கதிர் பட்டதும் ஒளிரும் ஒரு பொருளும், அந்த ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கன் துண்டும் அதில் உண்டு. வெப்பநிலை மாறினால் ஒளிரும் அளவும் மாறும். கதிரே படாதபோதும் சிலிக்கனில் கசியும் மின்சாரம், ஏறக்குறைய 10 பாகை ஏறினால் இரு மடங்காகும். வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான உணரிகளில் ஒன்று மட்டும் பிசகினாலும் படத்தில் வளையம் விழும். அந்த வளையம் மூளையின் நடுவில் விழுந்தால் நோயா, இயந்திரக் கோளாறா என்ற மயக்கம் ஏற்படும். மறுபடியும் படம் எடுக்க வேண்டும். மறுபடியும் கதிர், மறுபடியும் ஒரு நாள் பேர் போகும்.

இதைத் தடுக்கப் பல இயந்திரங்களில் உணரிக்குள்ளேயே சிறு சூடாக்கி வைத்து, அறையை விடச் சற்று அதிகமான ஒரே வெப்பநிலையில் அதைக் காத்து வருகிறார்கள். ஆனால் சூடாக்கிக்குச் சூடாக்க மட்டுமே தெரியும். குளிரூட்டி நின்று அறை காய்ந்தால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. பொதுவாக அறை 18 முதல் 24 பாகைக்குள் இருக்க வேண்டும், ஈரப்பதமும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். மின்சாரம் நின்று உணரி ஆறிவிட்டால், பழைய நிலைக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கலாம்.

இதெல்லாம் எமது மக்களுக்குப் புரியாத வித்தையல்ல. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து புளிக்கும் அறையின் சுவரில் ஈர, உலர் வெப்பமானிகள் தொங்குவதையும், டீமேக்கர் அதை எட்டி எட்டிப் பார்ப்பதையும் அறியாதவர் யார்? பிலிம் காலத்திலும் இருட்டறை மருந்துக் கரைசலை 20 பாகையளவில் வைத்தே கழுவினார்கள். குளிர் கூடினால் படம் வெளிறும். தேயிலைத் தூளுக்குக் கொடுக்கும் கவனத்தை மனித மூளையின் படத்துக்கும் கொடுங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கையா?

மின்சாரத்தின் கதையோ வேடிக்கையானது. நோட்டன் பிரிட்ஜிலுள்ள விமலசுரேந்திர மின்நிலையம் 1965 முதல் இயங்குகிறது. நோட்டன் அணையின் நீர் லக்ஸபான சுழலிகளைச் சுற்றுகிறது. அந்த மின்சாரத்துக்கு இடம் கொடுத்த மலையில், மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் ஊர் இருளும். 2022இல் நாடே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டில் கிடந்தது. 2025 பெப்ரவரி 9இலும் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது.

முதலில் இயந்திரம் வரட்டும், மற்றவை பின்னால் வரும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். நாம் உடன்படவில்லை. திறப்பு விழாவில் நாடா வெட்டுபவர் இயந்திரத்தைப் பார்க்கிறார். இரண்டாவது குளிரூட்டிக்கும், மின்பிறப்பாக்கியின் டீசலுக்கும், அது இயங்கும்வரை தாங்கும் மின்கலத்துக்கும், ஐந்தாம் ஆண்டின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் நினைவுக்கல் கிடையாது. ஆதலால் அவை வரவு செலவில் கடைசியில் எழுதப்பட்டு முதலில் வெட்டப்படுகின்றன. இவை நிறைவேறும்வரை இயந்திரமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மலையகத்துக்கு எதுவும் வராது. இரண்டும் ஒரே கேள்விப்பத்திரத்தில், ஒரே கையெழுத்தில் வரவேண்டும் என்கிறோம்.

வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் எமது வாசகர்கள் சிலர் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் ஸ்கேன் அறையின் வெப்பநிலைப் பதிவேட்டைக் காட்டும்படி கேளுங்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் குளிரூட்டி நிறுத்தப்படுகிறதா, நிறுத்தச் சொன்னது யார் என்றும் கேளுங்கள். பதிவேடே இல்லை என்றால், ஒரு வெப்பமானியும் ஒரு கொப்பியும் வாங்கிக் கொடுக்கக் குழுவின் கைக்காசே போதும்.