வரவேற்பறையில் ஒரு சான்றிதழ்

ஸ்பீச் தெரபி மையம் நடத்தும் எங்களில் பெரும்பாலோர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் முறைப்படி பதிவு செய்தவர்கள்தான். சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோம். உள்ளே குழந்தைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதில்தான் எங்கள் குட்டு உடைகிறது.

அந்தக் கவுன்சிலுக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் மழுப்பலே இல்லை. மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் இன்று ஓரிரு செஷனிலேயே வந்துவிடும் என்று கூட்டங்களில் கிண்டல் செய்தோம். ஆனால் இந்தக் குற்றத்தை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள, கவுன்சில் அதிகாரம் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான புகார் வேண்டும். அப்படியானால் கவுன்சிலுக்குத் தகவல் எழுத வேண்டியவர்கள் யார்? நாங்கள்தானே. எழுதவில்லை. பக்கத்துத் தெருவில் படிக்காதவர் கடை விரித்திருக்கிறார் என்று வாட்ஸ்அப் குழுவில் புலம்பியதோடு சரி. எழுதினால் எங்கள் மையத்தையும் எட்டிப் பார்ப்பார்களோ என்ற உதறல், வேறென்ன!

உதறலுக்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் பதிவு எண்ணில் இரண்டு மூன்று கிளைகள். பதிவு செய்த அந்தப் பெரியவர் முதல் நாள் பரிசோதித்துவிட்டுப் போவார். மறுநாள் முதல் சில வாரப் பயிற்சி மட்டும் பெற்ற பெண்தான் செஷன் எடுப்பாள். பெற்றோர் அவளையும் 'டாக்டர்' என்றே கூப்பிடுவார்கள், நாங்கள் திருத்த மாட்டோம். அவளைக் குறை சொல்லவில்லை. குறைந்த சம்பளத்துக்கு அவளை உட்கார வைத்தது நாங்கள்.

கோப்பைப் பிரித்தால் இன்னும் வெட்கம். தேதி, வருகைக் கையெழுத்து, 'நன்றாக ஒத்துழைத்தான்' என்ற ஒரே வரி மாதக்கணக்கில். எந்த ஒலியை, எந்தச் சொல்லில், எத்தனை முறைக்கு எத்தனை முறை சரியாகச் சொன்னான் என்று ஒரு குறிப்பும் கிடையாது. 'ர' வராத பிள்ளைக்கும் சொற்களைக் கோத்துப் பேசாத பிள்ளைக்கும் அதே விசில், அதே உதட்டுப் பயிற்சி. விசில் ஊதிப் பேச்சு திருந்தும் என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். வாசலில் காத்திருக்கும் அம்மாவுக்கு விசில் சத்தம் கேட்கும், உள்ளே ஏதோ நடக்கிறது என்று நிம்மதியாக இருப்பார். அதனால் விடவில்லை.

இலக்கு எழுதாத கோப்பில் சிகிச்சையை முடிக்கும் நாளும் இருக்காது. 'எப்போது நிறுத்தலாம்?' என்று கேட்ட பெற்றோருக்கு அடுத்த மூன்று மாதப் பேக்கேஜைக் காட்டினோம். வீட்டில் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று அவர்களுக்குச் சொல்லித் தந்திருந்தால், சில பிள்ளைகள் எப்போதோ எங்களை விட்டுப் போயிருப்பார்கள்.

ஊர் மாறும் குடும்பம் ரிப்போர்ட் கேட்டால், அன்று மாலை ஞாபகத்திலிருந்து டைப் செய்து கொடுக்கிறோம். அடுத்த ஊர் தெரபிஸ்ட் அதை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து பரிசோதிக்கிறார். அதற்கும் கட்டணம் அந்தக் குடும்பம்தான் கட்டுகிறது.