கடற்பசுவைக் காக்க நிலத்தடியையும் அளக்க வேண்டும்

2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவின் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதலாவது. பேராவூரணிப் பகுதியின் கடற்கரை அதன் கரையாகவே அமைந்திருக்கிறது. வலையில் சிக்கும் கடற்பசுவை மீனவர்கள் விடுவிப்பதும், வேட்டையைத் தடுப்பதும் நல்ல பலன் தரும் முயற்சிகள். ஆனால் கடற்பசுவுக்கு உணவு கடற்புல்; கடற்புல்லுக்கு உயிர் தெளிந்த நீரில் இறங்கும் வெயில். அந்தத் தெளிவைக் கெடுக்கக்கூடிய ஒரு வழி அதிகம் பேசப்படுவதில்லை. அது நம் தென்னந்தோப்புகளுக்கு அடியில் இருக்கிறது.

நிலத்தடி நீர் நிற்கும் நீரல்ல, மெல்ல நகரும் நீர். கரையோரத்தில் அது கடலடி மணல் வழியே கசிந்து வெளியேறுகிறது. ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தை அடுத்த வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நன்னீர் ஊறுவதைப் பக்தர்கள் பல தலைமுறைகளாகக் கண்டுவருகிறார்கள். நன்னீர் வரும் வழியில் அதில் கரைந்ததும் வரும். யூரியாவிலிருந்து உருவாகும் நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. பயிர் எடுத்தது போக மிஞ்சியது நீரோடு இறங்கிவிடும். நீர் தேங்கிய நெல் வயலில் காற்றுப் புகாத சேற்றில் அதன் ஒரு பகுதி வாயுவாகிப் பறந்துவிடுகிறது. கடலோரத் தோப்புகளின் மணற்பாங்கான நிலத்தில் அந்தக் காப்பு இல்லை. ஆகவே காவிரி டெல்டா முழுவதற்கும் ஒரே கணக்குப் போடுவது தவறு. அடிப்பகுதி பூசாத செப்டிக் டேங்குகளும் இதே மணலில்தான் கசிகின்றன. இதே விரிகுடாவின் எதிர்க்கரையான யாழ்ப்பாணத்தில், உரமிட்ட தோட்டங்களின் நடுவே உள்ள கிணறுகளில் நைட்ரேட் மிகுந்திருப்பது பல ஆய்வுகளில் பதிவானது.

ஆறுகள் கொட்டுவதை விட்டுவிட்டுக் கசிவைப் பேசுவதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் ரேடியம் தனிமத்தைத் தடயமாகக் கொண்டு வில்லார்ட் மூர் 1996இல் வெளியிட்ட ஆய்வு, அங்கு நிலத்தடி வழியே கடலில் சேரும் நீர் ஆற்று நீரின் அளவில் சுமார் 40 சதவீதம் என்று மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு மணலுக்குள் புகுந்து திரும்பும் கடல்நீரே. ஆனாலும் திரும்பும்போது அது மண்ணிலுள்ள சத்துகளை ஏந்தி வருகிறது. எனவே, 'மோட்டார் இறைத்து இறைத்து உப்புநீரே உள்ளே வருகிறது, இங்கிருந்து என்ன போகும்?' என்ற வாதமும் முழுதாக நிற்காது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீர்மட்டம் உயரும் மாதங்களில் ஓட்டம் கடலை நோக்கித் திரும்பவும் கூடும். பாக் விரிகுடாவோ ஆழம் குறைந்த கடல். சத்து கூடினால் பாசி பெருகி நீரைக் கலக்கும், கடற்புல்லின் இலைகளிலும் படரும்.

சட்டமும் இந்த வழியை அறியாததல்ல. ஹவாயின் மாவி தீவில் கிணறுகளுக்குள் செலுத்தப்பட்ட கழிவுநீர் கடலில் வெளிப்படுவதை 2011இல் தொடங்கிய சாயச் சோதனை காட்டியது. நேரடியாகக் கடலில் விடுவதற்கு ஒப்பாக அது அமைந்தால் உரிமம் பெற வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2018 நவம்பரில் கஜா புயலில் தென்னையை இழந்து, மறுபடி கன்று நட்டவர்கள் மீது பழி போடுவதா என்ற கேள்விதான் மிகக் கனமானது. பழி போடக் கூடாது. தண்டனையோ தடையோ கேட்கவும் இல்லை. காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியாவை இரு தவணையாக இடச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதையே பல தவணையாகப் பிரித்துச் சொட்டுநீரில் கரைத்துக் கொடுத்தால் வேருக்கு எட்டாமல் வீணாவது குறையும், விவசாயியின் பணமும் மிஞ்சும். இதற்கான செலவை அரசு ஏற்பதே நியாயம்.

அளக்காமல் எதையும் செய்ய முடியாது. அதிராம்பட்டினம் தொடங்கிப் பாதுகாப்பகத்தின் கரை நெடுக, ஊருக்கு ஊர் கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, மழைக்கு முன்னும் பின்னும் நைட்ரேட்டை அளந்து, முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். கடலோர நீரில் ரேடான் அளந்து கசிவு எங்கே என்று கண்டறியும் முறை இந்திய ஆய்வகங்களுக்குப் புதிதல்ல. வனத்துறையும் நீர்வளத்துறையும் வேளாண்துறையும் தனித்தனியே கோப்பு நகர்த்தாமல், பாதுகாப்பகத்தின் மேலாண்மைத் திட்டத்திலேயே இதைச் சேர்க்க வேண்டும். வரும் பருவமழைக்கு முன்பே முதல் அளவீடு நடக்க அரசு ஆணையிட வேண்டும்.