வாப்பாவின் பழைய சைக்கிள்: பழுது நீக்கித் தருவதும் ஓர் அன்பளிப்பே



பெருநாள் நெருங்கிவிட்டால் நம் வீடுகளுக்குப் பொதிகள் வரத் தொடங்கிவிடுகின்றன. சபரில் இருக்கும் மகன் கைப்பேசி அனுப்புகிறான். மருமகன் கைக்கடிகாரம் வாங்கி வருகிறார். அவை யாவும் அன்பின் அடையாளங்களே. அவற்றைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆனால் அதே வீட்டின் கொல்லைப்புறத்தில், வாப்பா பல ஆண்டுகள் மிதித்த சைக்கிள் சாக்கு போர்த்தியபடி துருவேறி நிற்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் தெருவில் குரல் கொடுக்கும் ஏதோ ஒரு நாளில் அது எடைக்குப் போய்விடும். அவ்வாறு அனுப்பிவிடாமல், பழுது நீக்கி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, குடும்பத்தில் ஒருவருக்கு அன்பளிப்பாக அளிப்பது, கடையில் வாங்கும் பல பொருள்களைவிடச் சிறந்தது என்று நாம் கருதுகிறோம். ஆயினும் அதற்குச் சில கடமைகளும் வரம்புகளும் உள்ளன.

இந்தச் சைக்கிள்கள் எளிதில் அழியக் கூடியவை அல்ல. விடுதலைக்கு முன் நாட்டிங்ஹாமின் ராலே, பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. போன்ற ஆங்கிலேய வண்டிகள் கப்பலில் வந்தன. பின்னர், 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் தமிழகத்தின் ஊர்தோறும் பரவின. கனமான எஃகுச் சட்டம், 28 அங்குலச் சக்கரங்கள், கம்பி பிரேக், பின்னால் அகலமான கேரியர். ஜவுளி மூட்டையையும், மீன் கூடையையும், மதரஸாவுக்குச் செல்லும் பிள்ளைகளையும் சுமந்தவை இவை. ஒரு குடும்பத்தின் ஹலாலான உழைப்பில் பங்கு கொண்ட பொருளைச் சில நூறு ரூபாய்க்கு எடை போடும் முன் சற்றுச் சிந்திப்பது நல்லது.

ஒருவருக்கொருவர் அன்பளிப்புச் செய்வதால் நேசம் வளரும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நாம் அறிவோம். வீட்டில் இருக்கும்போது அவர்கள் தமது செருப்பைத் தாமே செப்பனிட்டதையும், ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். முதலாவதைப் பெருநாள்தோறும் நினைவுகூரும் நாம், இரண்டாவதை ஏனோ மறந்துவிட்டோம். பழுதான பொருளைக் கையில் எடுத்துச் சரிசெய்வது வறுமையின் அடையாளம் என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் வேரூன்றிவிட்டது. ஒரு பழைய சைக்கிளைச் சீர்செய்யும் வேலையில் இந்த இரு சுன்னத்துகளும் ஒன்றுசேர்கின்றன.

வேலையைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தச் சைக்கிள் யாருடையது என்பதாகும். வாப்பா உயிருடன் இருந்தால் அது அவருடைய உடைமை. எதிர்பாராத மகிழ்ச்சியைத் தருகிறோம் என்று சொல்லி, அவர் அறியாமல் அதைப் பிரித்துப் போடுவதும் வண்ணம் மாற்றுவதும் முறையன்று. அவருடைய பொருளை அவருக்கே அன்பளிப்பாக அளிக்க இயலாது. நாம் அளிப்பது நமது உழைப்பை மட்டுமே. ஆகவே அவரிடம் அனுமதி கேட்போம்.

அவர் மறைந்துவிட்டிருந்தால், கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியவற்றில் அந்தச் சைக்கிளும் வாரிசுகள் அனைவருக்கும் உரியது. பெற்றோர் விட்டுச்சென்றது குறைவாக இருப்பினும் அதிகமாக இருப்பினும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்று சூரத்துன் நிஸாவின் 7-ஆவது வசனம் விதிக்கிறது. 'குறைவு' என்பதற்கு ஒரு துருப்பிடித்த சைக்கிளைவிட வேறென்ன எடுத்துக்காட்டு வேண்டும்? நிலத்தையும் நகையையும் கணக்கிட்டுப் பங்கிடும் வீடுகளில்கூட, இத்தகைய பொருள்களை ஆண்மக்களே எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. திருமணமாகி வேறூரில் வாழும் சகோதரிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பெரும்பாலும் அவர் மனமுவந்து விட்டுக்கொடுப்பார்; ஆனால் விட்டுக்கொடுக்கும் உரிமை அவருடையது.

பெறுபவர் நம் பிள்ளைகளில் ஒருவர் என்றால் இன்னொரு கடமையும் சேர்கிறது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பை அளித்த அவருடைய தந்தையிடம், மற்றப் பிள்ளைகளுக்கும் அதுபோல் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பிள்ளைகளிடையே நீதியாக நடக்குமாறு பணித்தார்கள். மூத்தவனுக்குச் சைக்கிள் என்றால், இளையவளுக்கு என்ன என்பதையும் அன்றே முடிவு செய்வோம்.

இனி வேலைக்கு வருவோம். பிரிக்கும் முன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் இராது. முதலில் சட்டத்தைத் துடைத்து, குழாய்கள் சேரும் இடங்களையும் முன் ஃபோர்க்கின் மேற்பகுதியையும் உற்றுநோக்க வேண்டும். அங்கே விரிசலோ, துரு அரித்த ஓட்டையோ தென்பட்டால் அந்த வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. எவ்வளவு அருமையான நினைவாயினும் உயிருக்கு ஈடாகாது. இடப்புறப் பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்திருக்கும். இதை அறியாமல் பலம் கொண்டு திருகினால் மரை கெடும். பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின் இறுகிப் போயிருக்கும். அதில் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, தண்டுக்கு அடியில் உறுதியான தாங்கல் கொடுத்த பிறகே தட்டிக் கழற்ற வேண்டும். அச்சுகளில் உள்ள குண்டுகளை எண்ணி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்தவற்றை மாற்றிப் புதிய கிரீஸ் இட்டால், பல்லாண்டு நின்ற சக்கரமும் ஓசையின்றிச் சுழலும். டயர், டியூப், பிரேக் கட்டை ஆகியவற்றில் சிக்கனம் பார்க்காமல் புதியனவே போடுக.

வண்ணத்தில் அவசரம் வேண்டாம். பழைய வண்ணமும் அதன் பொன்னிறக் கோடுகளும் ஓரளவு எஞ்சியிருந்தால், மெல்லத் துடைத்து எண்ணெய்த் துணியால் மெருகேற்றினாலே போதும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளுக்குத் தீங்கானது. தேய்த்தே ஆக வேண்டுமெனில் நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டுச் செய்வோம்.

சக்கரத்தின் கோட்டம் எடுப்பது போன்ற வேலைகளைத் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. பல ஊர்களில் இத்தொழிலை அறிந்தோர் முதியவர்களாகிவிட்டனர். கூலியை முன்கூட்டியே பேசி, வேலை முடிந்ததும் தாமதமின்றிக் கொடுத்துவிடுவோம். நம் பிள்ளையையும் அவர் அருகில் அமரச் செய்தால், ஒரு தொழிலறிவும் சேர்ந்து கிடைக்கும்.

"இதற்கு ஆகும் செலவில் புதியதே வாங்கலாமே" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஒவ்வொரு பாகத்திற்கும் முலாம் பூசி, அரிய உதிரிப் பாகங்களைப் பெருவிலைக்குத் தேடி, வரவேற்பறையில் காட்சிக்கு நிறுத்துவதற்காகச் செலவழித்தால் அது வீண்விரயத்தின் எல்லைக்குள் சென்றுவிடும். ஓடுவதற்கு வேண்டியதைச் செய்து அத்துடன் நிறுத்துவதே நடுநிலை. கடைத்தெருவுக்கும் பள்ளிவாசலுக்கும் தினமும் சென்று வரும் சைக்கிளே நமது நோக்கம்.

பெறுபவரின் உடல்நிலையையும் கருத வேண்டும். இவ்வண்டிகளின் குறுக்குக் கம்பி உயரமானது; மூட்டுவலி உள்ள முதியவர் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது கடினம். மழையில் நனைந்த எஃகு ரிம்மில் கம்பி பிரேக் சரியாகப் பிடிக்காது. ஆகவே வாப்பாவினால் இனி ஓட்ட இயலாது எனில், அவரை வற்புறுத்த வேண்டாம். அவருக்காகச் சீர்செய்து, அவர் கையாலேயே பேரனுக்கோ பேத்திக்கோ வழங்கச் செய்யலாம். அப்போது அவர் கொடுப்பவராகிறார்; வயதான காலத்தில் பிறர் கையை எதிர்பார்த்து வாழும் ஒருவருக்கு, கொடுக்கும் நிலையை மீட்டுத் தருவதைவிடச் சிறந்த அன்பளிப்பு எது?

இந்த வாரம் உங்கள் வீட்டின் கொல்லைப்புறத்தை ஒருமுறை பாருங்கள். சைக்கிள் இருந்தால், அது யாருடையது என்று விசாரியுங்கள். அவர் உயிருடன் இருந்தால், அவர் அருகில் அமர்ந்து அதன் கதையைக் கேளுங்கள். பழுது நீக்கும் வேலையில் பாதி அங்கேயே தொடங்கிவிடும்.

நம் உறவுகளைப் பேணவும், அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கவும், உழைப்பைக் கண்ணியமாகக் கருதவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.