வெறும் போத்தலுக்கு யார் பொறுப்பு?



நெடுந்தீவுக்குப் போக வேண்டுமென்றால் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும். எமது சங்க உறுப்பினர் ஒருவரின் மகள் அங்கே ஆசிரியையாக இருக்கிறார். அவரைப் பார்க்கப் போன குடும்பத்தோடு நாமும் ஒருமுறை போய்வந்தோம். குதிரைகளையும் முருகைக்கல் வேலிகளையும் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போவார்கள். எமது கண்ணில் முதலில் பட்டவை கேன்கள். படகில் கேன், சைக்கிளில் கேன், கிணற்றடியில் வரிசையாகக் கேன். அந்தத் தீவில் நல்ல தண்ணீர் எல்லா இடத்திலும் ஊறுவதில்லை. சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளைப் போல ஒருசில கிணறுகள்தான் நன்னீர் தரும். மற்றப் பக்கமெல்லாம் உவர். ஆகவே ஒரு கேன் என்பது அங்கே ஒரு சொத்து. ஓட்டை விழும்வரை யாரும் எறியமாட்டார்கள்.

நாங்கள் சாப்பிட்ட வீட்டின் குசினியில் ஒரு நீலக் கேன் இருந்தது. லேபலைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஆனாலும் அடியில் மஞ்சள் பட்டியின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்தடிக்கிறவர்களுக்கு அந்தப் பட்டி என்னவென்று தெரியும். வீட்டு அம்மாவிடம் மெல்லக் கேட்டோம். "நாலுதரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினது தம்பி. இப்ப மணமே இல்லை" என்றார். அதிலிருந்துதான் எமக்கும் தண்ணீர் வார்த்தார்.

அவரைக் குறை சொல்ல எமக்கு வாய் வரவில்லை. நமது லயங்களில் மட்டும் என்ன வாழுகிறது? பீலித் தண்ணீர் பிடிக்க, மண்ணெண்ணெய் வாங்க, சில வீடுகளில் மோர் ஊற்றிவைக்கக்கூட, பழைய மருந்துக் கேன்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக்கின் உடம்புக்குள் ஊறிய மருந்து சவர்க்காரத்துக்கு முழுவதும் வெளியே வராது. மணம் போய்விட்டது என்பதற்காக நஞ்சு போய்விட்டது என்றாகாது. மூன்று முறை கழுவி, கழுவிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிடு என்று லேபலில் எழுதியிருப்பார்கள். நல்ல தண்ணீரைக் கேனில் எண்ணிச் சுமக்கிற ஊரில், நஞ்சுக் கேனைக் கழுவ யார் மூன்று முறை தண்ணீர் செலவழிப்பார்?

இந்த மாதம் இதை எழுதக் காரணம் இருக்கிறது. மலையகத்துத் தோட்டம் ஒன்றில் அண்மையில் புதிய தெளிப்பான் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். மின்னேற்றத் தெளிப்பான். பற்றரியில் வேலை செய்கிறது. அடியில் ஒரு சின்னத் தொட்டி. தீர்ந்ததும் அதைக் கழற்றிவிட்டு நிரப்பிய இன்னொன்றை மாட்டலாம். வந்தவர் வெறும் தண்ணீரை அடித்துக் காட்டினார். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கமும் நனைந்திருந்தது. எல்லோருக்கும் ஆச்சரியம். அப்போது எங்கள் மாதர் அணித் தலைவி கேட்டார்: "ஐயா, இதெல்லாம் சரிதான். இந்தத் தொட்டி தீந்துபோனா வெறும் தொட்டிய யாரு கொண்டு போறது?" வந்தவரிடம் பதில் இல்லை. சிரித்தார். பக்கத்தில் நின்ற உத்தியோகத்தரும் சிரித்தார். இந்தத் தலையங்கம் அந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் இயந்திரத்தைப் புரிந்துகொள்வோம். பழைய பெட்டி டீ.வி.யின் கண்ணாடிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனால் கை மயிர் சிலிர்க்கும். தலைவாரிய சீப்பு காகிதத் துண்டை இழுக்கும். அதே விசைதான் இங்கும். நொசிலை விட்டு வெளியேறும் துளிக்கு மின்னேற்றம் கொடுக்கிறார்கள். ஒரே வகை ஏற்றமுள்ள துளிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் பரந்து போகின்றன. செடியோ மண்ணில் வேர்விட்டு நிற்கிறது. மின்சாரக் கணக்கில் அது நிலத்தோடு தொடுக்கப்பட்ட பொருள். ஆகவே துளிகள் அதை நோக்கிப் பாய்ந்து, இலையைச் சுற்றி வளைந்து அடிப்பக்கத்திலும் ஒட்டுகின்றன. சாதாரணத் தெளிப்பானில் நிலத்தில் வீணாகச் சிந்துவதில் ஒரு பகுதி இதில் மிச்சமாகும். யாழ்ப்பாணத்துத் தென்னைகளில் அண்மைய ஆண்டுகளில் பெருகிய வெண் ஈயும் ஓலையின் அடிப்பக்கத்தில்தான் குந்தியிருக்கிறது. ஆகவே இந்த இயந்திரம் நாளை மலையோடு நின்றுவிடாது, தீவுகளுக்கும் போகும்.

கழற்றி மாட்டும் போத்தல் என்ற யோசனை புதியதல்ல. 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பனியில் ரொனால்ட் கோஃபி என்ற விஞ்ஞானி 'எலெக்ட்ரோடின்' என்ற கைத்தெளிப்பானை உருவாக்கினார். (பெயர் கோப்பி. தேயிலைக்காரர் நாம் அதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) ஒரு நீளத் தடி. அதற்குள் நான்கு டோர்ச் பற்றரிகள். அவற்றிலிருந்து ஏறக்குறைய 25,000 வோல்ட் எடுத்தார்கள். மின்னோட்டம் மிக மிகச் சிறியது. பம்ப் இல்லை, சுழலும் பாகம் எதுவும் இல்லை. மருந்து தன் பாரத்தினாலேயே மெல்லக் கீழிறங்கும். நொசில் விளிம்பில் மின்புலம் அதை மெல்லிய இழைகளாக இழுக்கும். இழைகள் அறுந்து துளியாகும்.

அந்தத் தெளிப்பானின் சிறப்பு தடியில் இல்லை, தடி முனையில் திருகிய போத்தலில் இருந்தது. போத்தலும் நொசிலும் பிரிக்க முடியாத ஒரே பொருள். இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒட்டி அதற்கு 'பொசில்' என்றே பெயர் வைத்தார்கள். மருந்து தொழிற்சாலையிலேயே நிரப்பி அடைக்கப்பட்டு வரும். எண்ணெயில் கரைத்த மருந்து, தண்ணீர் கலக்கத் தேவையில்லை. அந்த மருந்துக்கு எவ்வளவு வேகத்தில் ஒழுக வேண்டுமோ அந்த அளவுக்கு நொசில் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கும். தீர்ந்தால் மறுபடி நிரப்பவும் முடியாது. ஆபிரிக்காவின் பருத்தி விவசாயிகளுக்காக, தண்ணீர் தூரத்தில் இருக்கிற நிலங்களுக்காக இதைச் செய்தார்கள். ஒரு ஹெக்டேயருக்கு அரை லீற்றர் அளவு மருந்து போதும். நமது கணக்கில் பாருங்கள். ஹெக்டேயருக்கு 200 லீற்றர் என்று வைத்தால், 16 லீற்றர் டாங்கியை முதுகில் சுமந்து பன்னிரண்டு, பதின்மூன்று தடவை மலை ஏறி இறங்க வேண்டும்.

மருந்தடிக்கிற தோழர்களைக் கேளுங்கள். மிக ஆபத்தான நேரம் எது? அடிக்கிற நேரத்தைவிட, மூடியைத் திறந்து செறிவான மருந்தை அளந்து ஊற்றிக் கலக்குகிற நேரம். கையில் தெறிப்பது அப்போதுதான், ஆவி முகத்தில் அடிப்பதும் அப்போதுதான். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், ஆளுயரப் பருத்திக்கு மருந்து கலந்து அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளருமாக 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நெடுங்காலமாக இதற்குச் சொல்லப்படும் தீர்வு கையுறையும் முகமூடியும்தான். கொடுப்பதில்லை, கொடுத்தாலும் ஈர மலையில் அவற்றைப் போட்டுக்கொண்டு மூச்சுவிட முடிவதில்லை. திறக்கவே தேவையில்லாத போத்தல் அந்தச் சண்டையைப் பாதியில் முடித்துவிடுகிறது. தண்ணீர்ப் போத்தலாகவும் அதை மாற்ற முடியாது. நெடுந்தீவுக் குசினியில் பார்த்த அந்த நீலக் கேனுக்கு இதைவிட நல்ல பதில் எமக்குத் தெரியவில்லை. இதைச் சொல்ல எமக்குத் தயக்கம் இல்லை, இத்தனைக்கும் கிரமக்சோன் என்ற பரகுவாட்டை 1962இல் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே கம்பனிதான். 2008இல் தொடங்கிப் படிப்படியாக இலங்கை அதைத் தடைசெய்யும்வரை நமது மலைகளில் அதை அடித்தவர்கள் நாம்.

அவ்வளவு நல்ல போத்தல் ஏன் நிலைக்கவில்லை? பூட்டுத்தான் காரணம். அந்தத் தடியில் அந்தப் போத்தல் மட்டும்தான் பொருந்தும். அந்தப் போத்தலை அந்தக் கம்பனி மட்டும்தான் நிரப்பும். மின்புலத்தில் ஒழுங்காக இழையோட எண்ணெய்க்குக் குறிப்பிட்ட மின் தன்மை வேண்டுமாதலால் கிடைத்த மருந்துகளும் ஒருசிலவே. வேறு மருந்து வேண்டிய விவசாயிக்கும், விலை ஏறியபின் வாங்க முடியாதவருக்கும் கையில் மிஞ்சியது வெறும் தடி. நமது பாட்டன்மாருக்குத் துண்டு முறை நினைவிருக்கும். கடனைத் தீர்த்துத் துண்டு வாங்காமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் அது ஒழிக்கப்பட்டது. ஒரே கடைக்குக் கட்டிப்போடும் போத்தலைப் பார்க்கும்போது எமக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது. தோட்டம் கம்பனியின் பணத்தில்தானே வாங்கும், உங்களுக்கு என்ன என்று கேட்கலாம். போத்தல் விலை ஏறினால் நிர்வாகம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாதா? வெறும் தொட்டியில் ஆணியால் ஓட்டை போட்டு மலிவு மருந்தை ஊற்றச் சொல்லும். ஓட்டை போடப்போகிற கை யாருடைய கை?

பூட்டாமலும் செய்யலாம். ஐரோப்பாவில் போட்டிக் கம்பனிகள் பலவும் சேர்ந்து ஒரே அளவு மூடிக்கு இணங்கி, கேனைத் திறக்காமலே தெளிப்பானோடு இணைக்கும் 'ஈசி கனெக்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கின்றன. அங்கே அது பெரிய பண்ணைகளின் ட்ரக்டருக்கு. முதுகில் சுமக்கிறவனுக்கு ஏன் கூடாது?

காட்டிப்போன இயந்திரத்தைப் பற்றி வேறு சில கேள்விகளும் உண்டு. மின்னேற்றிய துளிக்கு இலை எது, ஆள் எது என்று தெரியாது. கிட்ட உள்ள, நிலத்தோடு தொடர்புள்ள பொருளைத் தேடும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் தொழிலாளியும் அதன் கணக்கில் ஒரு செடிதான். ஆகவே பிடியின் நீளமும் காற்றுத் திசையும் சின்ன விஷயங்கள் அல்ல. அடுத்தது, அடர்ந்த செடிக்குள் இந்தத் துளிகள் நுழையத் தயங்கும், வெளி இலைகளிலேயே இறங்கிவிடும். தேயிலையில் வெளி இலை என்றால் நாம் பறிக்கிற கொழுந்து. கொப்புள நோய்க்கு அங்கேதான் மருந்து வேண்டும், உண்மை. அதே கொழுந்தைத்தான் நமது பெண்கள் விரலால் கிள்ளுகிறார்கள். அடித்து எத்தனை நாளைக்குப் பிறகு அந்த மலையில் கொழுந்தெடுக்கலாம் என்பதைப் பழைய டாங்கியின் கணக்கை வைத்துச் சொல்லக்கூடாது.

மூன்றாவது கேள்வி தொட்டியைப் பற்றியது. மின்னேற்றும் வழி இரண்டு உண்டு. ஒன்றில் திரவத்துக்கே நேரடியாக உயர் அழுத்தம் கொடுப்பார்கள். தண்ணீர் கலந்த மருந்தானால் தொட்டிக்குள் இருப்பது முழுவதும் அந்த அழுத்தத்துக்கு வந்துவிடும். மற்றது, அமெரிக்காவின் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் லோ வளர்த்த தூண்டல் வழி. அதில் நொசிலுக்கு அருகிலுள்ள வளையத்துக்கு மட்டும் அழுத்தம், தொட்டியில் உள்ள திரவம் நிலத்தோடு தொடுக்கப்பட்டிருக்கும். காட்டிப்போனது எந்த வகை என்று கேட்டதற்கு, "ஷொக் அடிக்காது" என்றுதான் சொன்னார்கள். மழை ஈரத்தில், நனைந்த கையோடு, ஒரு நாளில் பலமுறை தொட்டியை மாற்றப்போகிறவருக்கு அந்தப் பதில் போதாது. தொட்டியைத் திருகத் தொடங்கும்போதே மின்சாரம் தானாக நின்று, மிச்ச ஏற்றமும் இறங்கிவிட வேண்டும். கழற்றிய வாய் சொட்டாமல் தானாக அடைபட வேண்டும்.

எமது சங்கம் நிர்வாகத்திடமும், பேராதனையில் உள்ள பீடைகொல்லிப் பதிவாளரிடமும் எழுத்தில் கேட்கப்போவது இதுதான். மருந்தைப் பதிவு செய்யும்போது அது வரும் போத்தலையும் சேர்த்தே பாருங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் கையில் இருக்கிறது. தொழிற்சாலையில் அடைத்த போத்தல், தொழிலாளி திறக்கத் தேவையில்லாத வாய், எல்லாக் கம்பனிக்கும் ஒரே திருகு, தண்ணீர் பிடிக்க உதவாத வடிவம். விற்றவனே வெறும் போத்தலைத் திரும்ப எடுக்க வேண்டும். பிரேசில் 2000இல் இதற்குச் சட்டம் போட்டது. மருந்து வாங்கிய விவசாயி வெறுங்கேனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கம்பனிகள் அதை ஏற்றுக்கொண்டு அழிக்கவோ மறுபடி உருக்கவோ வேண்டும். மருந்து நேரடியாகப் படும் பிளாஸ்டிக் கேன்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அங்கே திரும்பி வருகின்றன. பிரேசிலின் பரப்போடு பார்த்தால் இலங்கை ஒரு மூலை. நெடுந்தீவிலிருந்து ஒரு வெறும் போத்தல் திரும்பிவர ஒரு படகுப் பயணம்தான் தேவை.

தெளிப்பான் வாங்குவதென்று முடிவெடுக்குமுன், அதை முதுகிலும் கையிலும் தூக்கப்போகிற ஆண் பெண் இருபாலாரும் ஒரு மழை நாளில் அதை மலையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கிறோம். வெயில் நாளில், பிரட்டுக் களத்தில், வெறும் தண்ணீரோடு காட்டியது போதாது.

இதற்கு எமக்குக் கணக்கு வேண்டும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் லயத்தில் எத்தனை பழைய மருந்துக் கேன்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். யார் வீடு என்று எழுத வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். இப்போது தண்ணீர் நிரம்பியிருப்பவற்றையும் சேர்த்து எண்ணுங்கள்.