லீசிங் முடிந்த ஸ்போர்ட்ஸ் காரும் அடுத்த வாகனமும்

புறக்கோட்டையில் வியாபாரம் செய்யும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். "இலங்கையில் வாகனம் வாங்கியவன் நட்டப்பட்டதில்லை" என்று அடித்துச் சொல்வார்கள். தங்கம், காணி, வாகனம் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துக் கதைப்பது எமது வியாபாரிகளிடம் வழக்கமாகிவிட்டது. இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதிதான் இப்போது பலரின் கடை முதலைத் தின்று கொண்டிருக்கிறது.

வெள்ளவத்தையில் புடைவைக் கடை நடத்தும் தம்பி ஒருவர் 2021 இல் ஒரு ஹொண்டா சீஆர்-இசட் காரை லீசிங்கில் எடுத்தார். ஐந்து வருடத் தவணை. அந்தக் காரைத் தெரியாதவர்களுக்குச் சொல்வதானால், 2010 இல் ஜப்பானில் வெளியான, இரண்டு கதவுகள் கொண்ட, 1500 சிசி ஹைபிரிட் கார். ஹைபிரிட் வாகனங்களுக்கு இங்கே வரி குறைவாக இருந்த காலத்தில் வந்து சேர்ந்தது. பின் ஆசனம் பெயருக்கு மட்டும்தான். இரண்டு புடைவைச் சிப்பங்களை வைத்தால் அதுவும் இல்லை. லீசிங் முடியும் தறுவாயில் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "நானா, இத வித்தா நல்ல லாபம் வருது. மேல கொஞ்சம் போட்டு இன்னும் பெரிய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்டு எடுப்பமா எண்டு பாக்கிறேன். என்ன சொல்றீங்க?"

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. ஆகையால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'இலாபம்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அந்நியச் செலாவணியைக் காப்பாற்றுவதற்காக 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி. ஏறத்தாழ ஐந்து வருடங்கள் நாட்டுக்குள் புதிய கார் வரவில்லை, இருந்தவையே கைமாறின. இடையில் 2022 மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பொருள் தட்டுப்பாடு, ரூபாவின் வீழ்ச்சி இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் பழைய இரும்புக்கும் விலை ஏறும். கார் நல்ல கார் என்பதால் விலை ஏறவில்லை. உங்கள் கடையில் அந்தக் காலத்தில் தங்கியிருந்த சீலைகளுக்கும், கொட்டாஞ்சேனைக் களஞ்சியத்தில் கிடந்த ஆணிக்கும் கூட அப்படித்தான் விலை ஏறியது.

வியாபாரி இதை இலகுவாக விளங்கிக்கொள்ளலாம். பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் புதிய விலைக்கு விற்றால் கையில் காசு கூடத் தெரியும். ஆனால் அதே சரக்கை மீண்டும் இறக்கப் போனால் அந்தக் காசு அப்படியே போய்விடும். மாற்று வாகனத்துக்கும் இதே கணக்குதான். பழைய காரில் கிடைக்கும் இலாபம், அடுத்து எடுப்பது அதைவிடச் சிறியதாக இருந்தால் மட்டுமே உங்கள் பையில் தங்கும். அதே அளவில் எடுத்தால் இலாபம் மறைந்துவிடும். பெரிதாக எடுத்தால் கடையிலிருந்து காசு போகும். தம்பி பார்த்துக்கொண்டிருந்தது விற்கும் பக்கத்தை மட்டும்தான்.

வாங்கும் பக்கத்தில் என்ன நிற்கிறது? இங்கே காருக்கான உற்பத்தி வரி, இன்ஜினின் சிசி அளவில் அறவிடப்படுகிறது. அளவு கூடக்கூட ஒவ்வொரு சிசிக்கும் உரிய வீதமும் கூடும். 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட வீதங்களின்படி 1300 முதல் 1500 வரையான பெற்றோல் காருக்கு ஒரு சிசிக்கு 4,450 ரூபா. 2000 முதல் 2500 வரை 8,450 ரூபா. தம்பியின் கண் டொயோட்டா ஜீஆர்86 மீது. அதன் இன்ஜின் 2387 சிசி. பெருக்கிப் பாருங்கள்: உற்பத்தி வரி மட்டும் இரண்டு கோடி ரூபாவைத் தாண்டுகிறது. ஜப்பானில் காரின் விலை, கப்பற் கூலி, சுங்கத் தீர்வை, சொகுசு வரி, 18 சதவீத வற் எல்லாம் அதற்கு மேலே. ஆசை அடங்காதவர்கள் 1500 சிசி மஸ்டா ரோட்ஸ்டரைச் சொல்வார்கள். அதற்கும் அந்த ஒரு வரியே சுமார் 66 இலட்சம். அதில் பின் ஆசனமே கிடையாது. இரண்டு பேர் போகலாம், மூன்றாமவர் முச்சக்கர வண்டியில் வர வேண்டியதுதான்!

அத்துடன், கொழும்பில் அந்த வேகத்தை எங்கே காட்டுவது? நகர்ப்புறத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர், அதிவேக நெடுஞ்சாலையில் 100. மாலை நேரக் காலி வீதியில் பம்பலப்பிட்டியைக் கடப்பதற்குள் கால் சோர்ந்துவிடும். மறைன் டிரைவில் ஞாயிறு காலை ஓடும் பத்து நிமிடத்துக்காக இரண்டு கோடி வரி கட்டுவதென்றால் கட்டலாம்; ஆனால் அதை முதலீடு என்று அழைக்கக் கூடாது.

இனி லீசிங்குக்கு வருவோம். மேலை நாடுகளில் லீஸ் என்றால் மூன்று வருடம் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுப்பது. இங்கே 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் நாம் செய்துகொள்வது வேறு. தவணை முடிந்ததும் வாகனம் நமக்கு வரும் என்பதே நமது எண்ணம். அதுவரை சீஆர் புத்தகத்தில் 'அப்சலூட் ஓனர்' என்று நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். ஆகவே மாற்றுவதானால் தவணையை முடிக்க வேண்டும், அல்லது மிச்சத்தைக் கட்டி முடித்து விற்க வேண்டும், அல்லது வேறொருவர் பெயருக்கு லீசிங்கை முறைப்படி மாற்ற வேண்டும்.

நடுவில் மாற்ற நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. கணக்குக்காக ஒரு கோடி ரூபா காரை எடுத்துக்கொள்வோம். மத்திய வங்கி 2017 ஜனவரியில் கார்களுக்குப் பெறுமதியில் பாதிக்கு மேல் லீசிங் கொடுக்கக் கூடாது என்று கட்டளையிட்டது. பிறகு அந்த எல்லை பலமுறை கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. நாம் பாதி என்றே வைப்போம். 50 இலட்சம் கையிலிருந்து, 50 இலட்சம் லீசிங். ஐந்து வருடம், ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 1 இலட்சத்து 19 ஆயிரம். இரண்டு வருடத்தில் 28 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். அப்போது மிச்சம் எவ்வளவு என்று கேட்டால், 34 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் சற்றுக் கூட என்பார்கள். கட்டியதில் முதலில் கழிந்தது 16 இலட்சத்துக்கும் குறைவு. முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் இருந்தால் அது தனி. தவணையின் ஆரம்பத்தில் மிதப்புக் காசு அதிகமாகவும் முதல் குறைவாகவும் போவதுதான் இதன் முறை. ஏமாற்று ஒன்றுமில்லை, ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும்போது அந்த அட்டவணையைக் கேட்டு வாங்குகிறவர் நம்மில் எத்தனை பேர்?

தவணையை விடவும் என்னை அதிகம் உறுத்துவது கையிலிருந்து வைக்கும் அந்த 50 இலட்சம்தான். எமது வியாபாரியிடம் 50 இலட்சம் வங்கியில் சும்மா கிடப்பதில்லை. அது சரக்காகச் சுழல்கிறது. வருடத்துக்கு நான்கு சுற்று, ஒரு சுற்றுக்குச் செலவு போக ஐந்து சதவீதம் என்று குறைத்தே வைத்தாலும் வருடத்துக்குப் பத்து இலட்சம். அதை எடுத்துக் காரில் வைத்தால், காருக்காக நீங்கள் கொடுக்கும் உண்மையான தவணை 1 இலட்சத்து 19 ஆயிரம் அல்ல. மாதம் இரண்டு இலட்சத்துக்குக் கிட்ட. பெருநாள் சீசனுக்குச் சரக்கு இறக்க வேண்டிய மாதத்தில் இது கழுத்தைப் பிடிக்கும். பிறகு முன்திகதியிட்ட காசோலை எழுதுவோம், ஒன்று திரும்பும், அடுத்த நாள் இரண்டாம் குறுக்குத் தெரு முழுவதும் அந்தச் செய்தி போயிருக்கும்.

"நல்ல வாகனத்தில் போனால்தான் மதிப்பு, கடன் தருவார்கள்" என்று சிலர் வாதாடுவார்கள். ஒரு காலத்தில் இது சரியாக இருந்திருக்கலாம். 2022 இல் அடிபட்ட மொத்த வியாபாரிகள் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்திய பிறகு, யார் கடன் சுமையில் ஓடினார்கள், யார் சொந்தக் காசில் நின்றார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கி "இன்னும் ரெண்டு மாசம் தவணை தாங்க ஹாஜியார்" என்று கேட்பவரைப் பார்த்து ஹாஜியார் என்ன நினைப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் எதை எடுப்பது? தம்பிக்கு நான் சொன்னது: கடை எதை இழுக்கிறதோ அதைப் பார். அவருடைய கடையிலிருந்து புறக்கோட்டை பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவு. கிழமைக்கு மூன்று தடவை சரக்கு வருகிறது, அதற்கு அவர் வாடகை வண்டி பிடிக்கிறார். ஸ்போர்ட்ஸ் கார் வீட்டுக்குக் கீழே நிற்கிறது, கடைப் பையன் முச்சக்கர வண்டியில் சிப்பத்தோடு வருகிறான்! 660 சிசி சுசுக்கி எவ்ரி போன்ற ஒரு சிறிய வான், ஏற்கனவே இங்கே பதிவு செய்யப்பட்டது, அவருக்குப் போதும். பின் ஆசனத்தை மடித்தால் சரக்கு, விரித்தால் வாப்பா உம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகலாம். கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் வைத்திருக்கும் எனது நண்பர் ஒருவர் காரை விற்று டிமோ பட்டா எடுத்தார். ஜம்பட்டா வீதிப் பக்கத்து ஒழுங்கைகளில் அது நுழையாத இடமில்லை. வாடகை வண்டிக்குக் கொடுத்த காசு இப்போது வெளியே போவதில்லை. வருமான வரியிலும் வித்தியாசம் உண்டு. 2017 ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் சரக்கு வாகனத்துக்கு மூலதனப் படி கோரலாம், சாதாரண காருக்கு இல்லை. உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மின்சாரக் கார் பற்றியும் கேட்கிறார்கள். தனி வீடு, சொந்தக் கராஜ் உள்ளவர்களுக்கு நல்லது. வெள்ளவத்தையில் நம்மவர்களில் பலர் இருப்பதோ தொடர்மாடியில். நான்காம் மாடியில் வீடு, கீழே ஆறு கார் நிற்கும் இடத்தில் எட்டுக் கார். சார்ஜ் போடும் வயரை யாருடைய மீற்றரிலிருந்து இழுப்பது என்று முகாமைத்துவக் குழுவிடம் தீர்த்துக்கொள்ளாமல் முற்பணம் கட்டிவிடாதீர்கள்.

மீண்டும் லீசிங் தேவைப்பட்டால் இஜாரா முறையில் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் பெயரைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. இஜாரா என்றால் வாகனத்தின் சொந்தக்காரர் அவர்கள், நாம் வாடகைக்காரர். ஆகவே கேளுங்கள்: நமது தவறின்றி வாகனம் முற்றாக அழிந்தால் வாடகை நிற்குமா? தவணை பிந்தினால் அறவிடும் தொகை எங்கே போகிறது? இடையில் வாங்கிக்கொள்ள விரும்பினால் விலை எப்படித் தீர்மானிக்கப்படும்? எழுத்தில் பதில் தருபவரிடம் எடுங்கள்.

தம்பி இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "ஓட்டுற சந்தோஷம் எண்டு ஒண்டு இருக்குது தானே நானா" என்றார். இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. லீசிங் முடிந்து புத்தகம் கைக்கு வந்த பிறகு அதே சீஆர்-இசட்டை வைத்துக்கொண்டு, வானைத் தனியாக எடுப்பதும் ஒரு வழிதான். பழைய ஹைபிரிட்டின் பற்றரிக்குப் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாக இரண்டு கோடி வரி கட்டுவதைவிட அந்தச் சந்தோஷம் மலிவு.

விற்பதென்றே முடிவெடுத்தால் ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். லீசிங் ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தை "மிச்சத்தை நான் கட்டுறேன்" என்று வருபவரிடம் ஓபன் பேப்பரில் கையெழுத்து வைத்துக் கொடுக்காதீர்கள். அவர் மூன்று தவணை விட்டால் கடிதம் வருவது உங்கள் விலாசத்துக்கு, பிணை நின்ற உங்கள் மச்சானின் விலாசத்துக்கும். நிறுவனத்துக்கு வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு போய், மிச்சக் கணக்கை எழுத்தில் எடுத்து, காசை அங்கேயே கட்டி, அப்சலூட் ஓனர் பெயர் நீக்கும் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.